ஒரே மலையில் இரண்டு வேண்டுதல்

ஊர் ஏக்கம் என்று ஒரு நோய் இருக்கிறது. கடல் தாண்டியவர்களுக்குத்தான் வரும். மூன்று வேளையும் சோறு தவறாமல் கிடைக்கிற வரைக்கும் நன்றாக வளரும். பட்டினி கிடக்கிறவனுக்கு ஊர் ஞாபகம் வராது, சோறு ஞாபகம்தான் வரும். பத்து வருஷம் அந்த நோயை ஊட்டி வளர்த்தவன் நான். ஆகவே அதைப் பற்றி மரியாதையில்லாமல் பேச எனக்கு உரிமை உண்டு.

மலேயாவில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி. தோட்டத்துக் குமாஸ்தாவுக்கு அங்கே அதுதான் பெயர். விடிந்ததும் ஆட்களைப் பேர் கூப்பிட வேண்டும், ரப்பர் பால் எடை போட வேண்டும், வெள்ளைக்காரத் துரைக்கு முன்னால் குனிய வேண்டும், அந்தக் குனிவுக்கு ஈடாகத் தொழிலாளர்களுக்கு முன்னால் நிமிர்ந்துகொள்ள வேண்டும். நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பத்தொன்பது வயதில் கப்பல் ஏறினேன். நைனா, அதாவது அப்பா, அதற்கு முன்பே காலமாகிவிட்டார். அம்மாவும் நிலமும்தான் ஊரில் பாக்கி.

நான் கிளம்பியபோது எங்கள் சித்தூர் ஜில்லா மதராஸ் ராஜதானியில் இருந்தது. நான் அங்கே பால் எடை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் ஆந்திரா தனி மாநிலமாகி, எங்கள் ஜில்லாவையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டது. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு கிராணிதான் பழைய பேப்பர் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தான்.

"ஏன்யா, உன் ஊரை ஆந்திராக்காரன் எடுத்துக்கிட்டானாமே? இனிமே நீ எங்க ஆளா, அவங்க ஆளா?"

அன்றைக்கு அழுதேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். எங்கள் ஊர் ஒரு முழம்கூட நகரவில்லை. ஏரி இருந்த இடத்தில்தான் இருந்தது. தெலுங்கும் எங்களுக்குப் புதிதில்லை. சந்தையில் தெலுங்கு, சாப்பாட்டில் தமிழ் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். ஆனாலும் அழுவதற்கு இவ்வளவு கௌரவமான காரணம் கிடைத்தால் கடலுக்கு அந்தப் பக்கம் இருப்பவன் விடுவானா?

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நாங்கள் நாலைந்து பேர் கள்ளுக்கடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊரைப் பற்றி உருகுவோம். ஒருவன் தன் ஊர்த் தண்ணீரின் ருசியைச் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவான். அந்தத் தண்ணீர்த் தகராறில் பங்காளியின் மண்டையைப் பிளந்துவிட்டு ஓடி வந்தவன் அவன். இன்னொருவன் தாயை நினைத்து நெஞ்சில் அடித்துக்கொள்வான்; அவளுக்கு ஒரு கடிதம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். எல்லோரும் அடுத்த வருஷம் ஊருக்கே திரும்பிவிடப் போகிறவர்கள். அந்த அடுத்த வருஷம் என் காலத்தில் ஒருத்தனுக்கும் வரவில்லை.

நான் அவர்களைவிட ஒரு படி மேல் என்று எனக்கு நினைப்பு, ஏனென்றால் நான் மாதம் தவறாமல் கடிதம் எழுதுவேன். மாமரம் காய்த்ததா, எருமை கன்று போட்டதா, ஏரி நிரம்பியதா, மேட்டு நிலத்தில் என்ன விதைத்தீர்கள் என்று பக்கம் பக்கமாகக் கேட்பேன். எழுதும்போதே கண் கலங்கும். கலங்கினால் கடிதம் நன்றாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐந்து வருஷம் கழித்து முதல் லீவில் ஊருக்கு வந்தபோது அம்மா எனக்குப் பெண் பார்த்து வைத்திருந்தாள். பக்கத்து ஊர், நாலு மைல். கல்யாணம் நடந்தது, லீவு முடிந்தது, நான் கப்பல் ஏறினேன், மனைவி அம்மாவோடு தங்கினாள். அந்தக் காலத்து வழக்கம் அது என்று சொல்லி நான் தப்பித்துக்கொள்ளலாம். வழக்கம்தான். மனைவியை அழைத்துக்கொண்டு போனவர்களும் அதே கப்பலில் இருந்தார்கள்.

அதன் பிறகு இன்னொரு ஐந்து வருஷம். மலேயா சுதந்திரம் அடைந்தது. வேண்டுமென்றவர்கள் அந்த நாட்டுக் குடிமகனாகலாம் என்றார்கள். தோட்டத்தில் பெரிய கிராணியின் நாற்காலி காலியாக இருந்தது. இந்த நாட்டிலேயே தங்கப் போகிற ஆளுக்குத்தான் அது என்று துரை சொல்லிவிட்டார். குடும்பத்தை அழைத்துக்கொள்வதென்றாலும் சீக்கிரம் அழைத்துக்கொள், சட்டம் இறுகிக்கொண்டே வருகிறது, கொஞ்ச நாள் போனால் பிரிந்து கிடக்கிற மனைவிமார்களை உள்ளே விடமாட்டார்கள் என்றார். குடியுரிமை விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து, மூன்று மாதம் லீவும் கொடுத்து, "முடிவு பண்ணிக்கொண்டு வா, இல்லாவிட்டால் வராதே" என்று அனுப்பிவைத்தார்.

அந்தத் தாளைப் பெட்டியின் அடியில் போட்டுக்கொண்டு வந்து புத்தூர் ஸ்டேஷனில் இறங்கினேன். இறங்கியதும் குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பக்கத்தில் கூடை வைத்திருந்த ஒரு அம்மாள், காசு விழுந்துவிட்டதோ என்று நினைத்து என்னோடு சேர்ந்து தேடினாள்.

ஊரில் எல்லோரும் என்னை அன்பாகத்தான் வரவேற்றார்கள். எத்தனை சோப்பு கொண்டுவந்திருக்கிறேன் என்று விசாரித்தார்கள். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் அப்போது ஊரில் நடந்துகொண்டிருந்தது. எல்லையைத் திருத்தப் போகிறார்கள், திருத்தணிப் பக்கம் மதராஸுக்குப் போகும், அதற்குப் பதில் சத்தியவேடு பக்கம் ஆந்திராவுக்கு வரும் என்று பேச்சு. எங்கள் ஊரும் மதராஸோடுதான் சேர வேண்டும் என்று என் மனைவியின் அண்ணன் மனுவைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எனக்கு மச்சான் முறை. பக்கத்து ஊர்க்காரரானாலும் எங்கள் ஊருக்கும் சேர்த்து அவரே தலைவர். நாலு மைல் சுற்றளவில் அவருக்குத் தெரியாத அரசியல் இல்லை.

மனுவில் கையெழுத்து வாங்குகிற விதத்தை அவரிடம்தான் பார்க்க வேண்டும். ஆண்களிடம் கையெழுத்தோ ரேகையோ வாங்கினார். பெண்களைக் கூப்பிட்டுக் கையில் மை தடவுவது மரியாதையில்லை என்று, அவர்களுக்காகத் தன் பத்து விரல்களையும் மாற்றி மாற்றித் தானே உருட்டிவிட்டார். ஐந்தாவது வரை படித்து முத்து முத்தாக எழுதுகிற தன் சொந்தத் தங்கைக்கும் ஒரு சுண்டு விரலைக் கொடுத்திருந்தார்.

"மாப்ளே, இங்கிலீஷுல மேல ஒரு காயிதம் எழுதிக் குடு," என்றார். "நீ சீமைக்குப் போய்க்கினு வந்துக்கினு கீற ஆளு. சித்தூரு கலெக்டரு ஆபீஸுல உன் எழுத்துக்குத் தனி மருவாதி."

எழுதினேன். எழுதாமல் இருப்பேனா? 'பாட்டன் முப்பாட்டன் காலம் முதல் இந்த மண்ணை விட்டு ஓர் அடியும் அகலாதவர்களாகிய நாங்கள்' என்று ஆரம்பித்து இரண்டு பக்கம். கீழே முதல் கையெழுத்தும் என்னுடையதே. கப்பலில் வந்த மயக்கம் அப்போது எனக்கு முழுசாகத் தெளிந்திருக்கவில்லை.

அடுத்த வாரம் அம்மா, மனைவி, நான் மூன்று பேரும் திருப்பதிக்குப் போனோம். ரேணிகுண்டாவில் ரயில் மாறி, திருப்பதியிலிருந்து பஸ் பிடித்து மலையேறினோம். அம்மாதான் கூப்பிட்டாள். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளையைப் பெருமாளுக்குக் காட்டாமல் இருக்கலாமா என்றாள்.

இங்கே எங்கள் பக்கத்து முறை ஒன்றைச் சொல்ல வேண்டும். காரியம் நடந்த பிறகுதான் முடி. பிள்ளை பிறந்தால், காய்ச்சல் இறங்கினால், கோர்ட்டில் கேஸ் ஜெயித்தால், அதற்கப்புறம் மலையேறித் தலையைக் கொடுப்போம். நடப்பதற்கு முன்பே கொடுக்கிற ஏமாளி எங்கள் ஜனத்தில் கிடையாது. சும்மா பக்தியில் கொடுக்கிறவனும் கிடையாது. ஆகவே ஒருத்தன் மொட்டையோடு ஊருக்குத் திரும்பினால், அவன் வீட்டில் கேட்டது கிடைத்துவிட்டது என்று ஊர் முடிவு கட்டிவிடும். பத்து வருஷம் ஊரை நினைத்து உருகியவன், ஊரில் மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த ஒன்றைச் சுத்தமாக மறந்து போயிருந்தேன்.

முடி இறக்குகிற கல்யாணக்கட்டைக்கு வேடிக்கை பார்க்கத்தான் போனேன். பெண்கள் பக்கம் மனைவியும் அம்மாவும் போனார்கள். என்னைச் சுற்றி ஈரத் தலைகள், கோவிந்தா கோவிந்தா என்று குரல்கள், தமிழும் தெலுங்கும் கலந்து கட்டி. இவர்கள் என் ஜனங்கள், நான் இவர்களில் ஒருவன் என்று ஒரு பெரிய எண்ணம் பொங்கிக்கொண்டு வந்தது. அந்த மாதிரிப் பெரிய எண்ணம் வரும்போது மனிதன் தன் இரண்டு கையையும் பையில் போட்டுக்கொண்டு அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிட வேண்டும். நான் நாவிதருக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கோலாலம்பூர் எண்ணெய் தடவிச் சுருட்டி வளர்த்த கிராப்பு இரண்டு நிமிஷத்தில் என் மடியில் விழுந்தது.

வெளியே வந்ததும் அம்மா என்னைப் பார்த்தாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள்.

"என் ராசா! நீயா வந்து குடுத்துட்டியே! நான் வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலியே!"

நான் ஊரோடு வந்து தங்கிவிட்டால் என் முடியைத் தருவதாக அவள் வேண்டிக்கொண்டிருந்தாளாம். வெளியே சொன்னால் பலிக்காது என்று பத்து வருஷம் மனசிலேயே வைத்திருந்தாளாம். நான் ஏதோ விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். நட்ட நடு வெயிலில் அவள் விழுந்து கும்பிட்டு அழுதுகொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

அதே நேரம் மனைவியும் வந்தாள். அவளும் மொட்டை. இடுப்பு வரை இருந்த முடி போய், மஞ்சள் சந்தனம் தடவிய சின்னத் தலை. என்னைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வெட்கம் என்று எடுத்துக்கொண்டேன். "அவளும் உனுக்காவத்தாண்டா வேண்டிக்கினா" என்று அம்மா அவளைக் கட்டிக்கொண்டாள். எனக்காக ஒருத்தி இடுப்பு வரை இருந்த முடியைக் கொடுத்தாள் என்றால் எந்த ஆண்பிள்ளைதான் நம்பமாட்டான்? மலையிறங்கியதும் கடைத்தெருவில் அவளுக்கு இரண்டு டஜன் கண்ணாடி வளையல் வாங்கிக் கொடுத்தேன். பெரிய மனசு எனக்கு.

ஊருக்குள் நுழைந்தபோது இரண்டு மொட்டையையும் பார்த்து ஊரே திரண்டுவிட்டது. மச்சான் கத்தினார்.

"மொட்ட போட்டுக்கினு வந்துட்டான்யா! இனிமே எங்க போவான்? அந்தச் சீமையில இன்னா கீது, பாம்பும் கொசுவும் தானே!"

நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷம் என்பதுதான் உண்மை. பத்து வருஷமாக முடிவு பண்ண முடியாதவனுக்கு நாவிதர் முடிவு பண்ணிக் கொடுத்துவிட்டார். சாமியே சொல்லிவிட்டது என்று வேறு சொல்லிக்கொள்ளலாம். வேலையை விடுவதாகத் துரைக்கு இங்கிலீஷில் ஒரு கடிதம் எழுதி, மடித்து, உறையில் போட்டு, நாக்கால் தடவி ஒட்டினேன்.

மனைவி வாசலில் பிடுங்கிப் போட்ட வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து காய் பறித்துக்கொண்டிருந்தாள். மொட்டைத் தலையில் ஒரு துண்டு. அவளிடம் போய், "துரைக்கு எழுதிவிட்டேன், இனி இங்கேதான்" என்று உறையைக் காட்டினேன். அவள் பறிப்பதை நிறுத்தவில்லை.

"உங்கள யாரு மொட்ட அடிச்சிக்கச் சொன்னது?" என்றாள்.

"ஏன், நீயும்தானே அடித்துக்கொண்டாய்?"

"நான் இன்னாத்துக்குக் குடுத்தேன்னு கேட்டீங்களா?"

கேட்கவில்லை. இப்போதும் நான் கேட்பதற்கு முன் அவளே சொன்னாள்.

"உங்ககூட என்னையும் அந்த நாட்டுக்கு இட்டுக்கினு போவணும்னு வேண்டிக்கினு குடுத்தேன்."

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்த சந்தேகம் ஒன்றே ஒன்றுதான், கிராணி புத்தி. "காரியம் நடப்பதற்கு முன்பே கொடுத்துவிட்டாயா?" என்று கேட்டேன்.

"சாமிய நம்பிக் குடுத்தேன். உங்கள நம்பி இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. இந்த ஊருக்காகப் பத்து வருஷம் எப்படி ஏங்கினேன் தெரியுமா என்று ஆரம்பித்தேன். அவள் ஒரு செடியை உதறிவிட்டு நிமிர்ந்தாள்.

"தெரியும். அத்தைக்கு நான்தான படிச்சிச் சொல்றேன். மாமரம் எப்டி கீது, எரும எப்டி கீது, ஏரி எப்டி கீது. எல்லாத்தையும் கேட்டு முடிச்சிட்டு, கடேசில 'மற்றும் வீட்டில் அனைவரும் சுகமா'ன்னு ஒரு வரி. அந்த அனைவருல நானும் ஒருத்தி. நீ வரியான்னு ஒரு காயிதத்துலயாச்சும் கேட்டீங்களா?"

"இங்கே உனக்கு என்ன குறை?" என்றேன். தோற்கிற ஆண்பிள்ளைகள் எல்லோரும் கடைசியில் கேட்கிற கேள்வி.

"கொற ஒண்ணும் இல்ல. அத்த நல்லவங்க. ஏத்தம் எறைக்கறேன், ஆளுங்களுக்குக் கூழு எடுத்துக்கினு போறேன், நேரத்துக்குத் துன்றேன். கண்ணாலம் காரியத்துக்குப் போனா மட்டும் எல்லாரும் ஒரே கேள்விதான், 'மலேயாக்காரன் பொண்டாட்டிக்கு வவுத்துல இன்னும் ஒண்ணும் இல்லியா'ன்னு. புருசன் கடலுக்கு அந்தாண்ட கீறான். காத்துலயா வந்து ஒட்டிக்கும்?" மறுபடியும் காய் பறிக்க ஆரம்பித்தாள். "இந்த ஊரு உங்களுக்கு ஏங்கறதுக்கு நல்லா கீது. எனக்கு இருக்கறதுக்கு நல்லா இல்ல."

மூன்று நாள் அவளோடு பேசவில்லை. பேசாவிட்டால் அவள் இறங்கி வருவாள் என்று நினைத்தேன். ஐந்து வருஷம் நான் இல்லாமலே இருந்து பழகியவளுக்கு மூன்று நாள் எம்மாத்திரம்? நான் பேசவில்லை என்பதை அவள் கவனித்தாளா என்றே தெரியவில்லை.

நான்காம் நாள் நியாயம் கேட்க மச்சானிடம் போனேன். தங்கையைக் கண்டிப்பார் என்று எதிர்பார்ப்பு. அவர் ஏமாற்றவில்லை.

"பொட்டச்சி பேச்சக் கேப்பியா மாப்ளே? அவளுக்கு இன்னா தெரியும்? துன்னுட்டு, சொன்ன எடத்துல கெடக்க வேண்டியது. ரெண்டு போடு போட்டா சரியாப் பூடும்."

மூன்று நாளாக என் மனசில் ஓடிக்கொண்டிருந்ததும் ஏறக்குறைய அதுதான். கிராப்பு வைத்து, இங்கிலீஷ் எழுதி, கப்பலில் போய் வந்த என் மனசில் இருந்ததை, வெற்றிலைக் காவி ஏறிய அந்த வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிந்தது. வீட்டுக்குத் திரும்பிக் கடிதத்தை உறையோடு கிழித்துப் போட்டேன். இதில் என்னைப் பெரிய மகானாக யாரும் நினைக்க வேண்டாம். பெரிய கிராணியின் நாற்காலியும் கொஞ்சம் இழுத்தது. ஊருக்கு வந்த இருபதாம் நாளே எனக்குப் பொழுது போகாமல் போய்விட்டது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்குப் பாஸ்போர்ட் வாங்க சித்தூரில் ஒரு ஆபீஸுக்கு நாலு தடவை நடந்தோம். அங்கே இருந்த குமாஸ்தா என் பாஸ்போர்ட்டையும் அவள் விண்ணப்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். என்னுடையதில் மதராஸ் என்று இருந்தது. அவளுடையதில் ஆந்திரா. நாலு மைல் இடைவெளியில் பிறந்தவர்கள் நாங்கள்.

"மொகுடு ஒக ராஷ்ட்ரம், பெள்ளாம் ஒக ராஷ்ட்ரமா?" என்று தெலுங்கில் கேட்டுச் சிரித்தார். புருஷன் ஒரு மாநிலம், பெண்டாட்டி ஒரு மாநிலமா என்று. அப்போதுதான் வந்த பக்கத்து மேஜைக்காரர் அவள் போட்டோவில் இருந்த மொட்டையை மட்டும் பார்த்துவிட்டு, இந்த அம்மாளின் வீட்டுக்காரர் எப்போது காலமானார் என்று என்னிடமே விசாரித்தார். என் மனைவி அந்த ஆபீஸ் அதிரச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கல்யாணமாகி ஐந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அம்மாவிடம் நானே சொன்னேன். அதை மட்டும் மனைவியின் தலையில் கட்டவில்லை. அம்மா திட்டுவாள், மருமகளைச் சபிப்பாள் என்று தயாராகப் போனேன். அவள் பயந்துபோனாள்.

"சாமிக்குக் குடுத்ததத் திருப்பி வாங்கினா கண்ணக் குத்தும்டா," என்றாள். "உனுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதே."

எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டேன். கூப்பிடுகிற விதத்திலேயே வரமாட்டாய் என்பதும் சேர்ந்திருந்தது போலிருக்கிறது. அவள் வரவில்லை. நாங்கள் கப்பல் ஏறிய பிறகு, பஸ்ஸில் போகாமல் அலிபிரியிலிருந்து படி படியாக நடந்து மலையேறி, என் மேல் குற்றம் வைக்க வேண்டாம் என்று பெருமாளிடம் கேட்டுவிட்டு வந்தாளாம். மச்சான் எழுதித்தான் தெரியும். வேண்டுதலைப் பொய்யாக்கியவன் நான், முட்டி வீங்கிப் படுத்தவள் அவள். நாலு வருஷம் கழித்து அவள் போன செய்தி தந்தியில் வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது கருமாதி முடிந்திருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு வலிக்கிறது. இந்த ஒரு வலியை மட்டும் என்னால் கேலி பண்ண முடியவில்லை.

எல்லையையும் ஒருவழியாகத் தீர்த்தார்கள். திருத்தணி மதராஸுக்குப் போனது, எங்கள் ஊர் ஆந்திராவிலேயே நின்றது. என் இங்கிலீஷ் எந்த ஆபீஸ் காகிதக் கட்டுக்குள் கிடக்கிறதோ. மச்சான் இரண்டு மாதம் எல்லோரையும் திட்டித் தீர்த்துவிட்டு, மகனைத் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். மகனுக்குத் திருப்பதியில் வேலை கிடைத்தது. மதராஸ் பக்கம் என்ன இருக்கிறது, குடிக்கத் தண்ணீர்கூடக் கிடையாது என்று பிற்காலத்தில் எனக்கே எழுதினார்.

தோட்டத்தில் முதல் நாள் என் மனைவியைப் பார்த்த பெண்கள், தலையில் ஓர் அங்குலம் முடியோடு வந்தவளுக்கு யார் செத்தார்கள் என்று துக்கம் விசாரித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அழுகைக் கூட்டத்துக்கு நான் பழையபடி போனேன். அவள் அந்த நேரத்தில் சந்தைக்குப் போனாள். மீன் விற்கிற மலாய்க்காரியோடு கையால் பேசினாள், பிறகு வாயால் பேசினாள். ஊரைப் பற்றி ஒரு நாளும் புலம்பியதில்லை. என் அம்மாவுக்கு மட்டும் தன் முத்தான எழுத்தில் தனியாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். அதை அங்கே மச்சான் படித்துச் சொல்லுவார் என்று தெரிந்து, அவரைப் பற்றியும் நாலு வரி சேர்ப்பாள்.

என் விண்ணப்பம் பெட்டியின் அடியிலேயே கிடந்தது. மனைவியோடு வந்ததைப் பார்த்துத் துரை கொடுத்த பெரிய கிராணி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே, இப்போது போடலாம், பிறகு போடலாம் என்று இரண்டு வருஷம் ஓட்டினேன். போட்டுவிட்டால் ஏங்குகிற உரிமை போய்விடுமோ என்று பயம். அவள்தான் ஒரு நாள் அதை எடுத்துத் தூசு தட்டி, தனக்கும் ஒன்று வாங்கி வரச் சொன்னாள். இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம்.

மேஜைக்குப் பின்னால் ஒரு மலாய் அதிகாரி. இந்த நாட்டிலேயே நிரந்தரமாக இருக்க ஏன் விரும்புகிறீர்கள் என்று முதலில் என்னைக் கேட்டார். வீட்டில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததை ஒப்பித்தேன். இந்த நாட்டின் உப்பு, இதன் வளம், என் நன்றி, என் விசுவாசம். மனுவில் ஓர் அடியும் அகலாதவனாக எழுதிய அதே ஆள். அதிகாரி கொட்டாவியை அடக்கிக்கொண்டு அவளிடம் திரும்பினார். அவர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன். அவள் தமிழிலேயே பதில் சொன்னாள்.

"எங்க ஊர அந்தாண்ட சேக்கறதா இந்தாண்ட சேக்கறதான்னு என்ன யாரும் கேக்கல. என்ன இவருக்குக் கட்டிக் குடுத்தப்பவும் யாரும் கேக்கல. இவரும் கேக்கல. இருக்கறியாம்மான்னு மொத மொத கேக்கறது இந்த ஐயாதான். இருக்கறேன்னு எழுதிக்கச் சொல்லுங்க."

நான் மலாயில் மொழிபெயர்த்தேன். ஊரைச் சொன்னேன், ஐயாவைச் சொன்னேன். நடுவில் இருந்ததை விட்டுவிட்டேன். இவ்வளவு வருஷத்தில் அவளைப் பற்றி நான் தெரிந்துகொண்டிருக்க வேண்டியது எத்தனையோ. அவளுக்கு மலாய் எவ்வளவு புரியும் என்பதும் அதில் ஒன்று. அவள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் சந்தை மலாயில், அதிகாரியின் முகத்தைப் பார்த்து, "இவரும் கேட்கவில்லை, அதைச் சொல்லாமல் விட்டுவிட்டார்" என்றாள்.

அதிகாரி பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் அவள் தாளில் நிதானமாக எழுதி முடித்துவிட்டு, என் தாளை எடுத்தார். நீங்கள் சொன்னது ரொம்ப நீளம், இந்தக் கட்டத்தில் கொள்ளாது, இன்னொரு தடவை சுருக்கமாகச் சொல்லுங்கள் என்றார்.

உப்பையும் விசுவாசத்தையும் சுருக்கிப் பார்த்தேன். ஒன்றும் மிஞ்சவில்லை.

"இவள் இங்கே இருக்கிறாள்," என்றேன்.

அவர் அதை எழுதிக்கொண்டார். அது உண்மை என்று எனக்கும் அப்போதுதான் தெரிந்தது.